ஒத்திக்கு எடுத்த ஊர்

இந்த மாதக் கடைசியில் திருவொற்றியூரை விட்டுக் கிளம்புகிறோம். மனைவிக்கு வேலை தென்சென்னைக்கு மாறிவிட்டது. எனக்கு ஆபீஸ் எப்பவுமே அந்தப் பக்கம்தான். ஒரு வழிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல். இத்தனை வருஷம் இதை எப்படி ஓட்டினேன் என்று இப்போது யோசித்தால் மலைப்பாக இருக்கிறது. மெட்ரோ வேலை நடந்தபோது டி.எச். ரோட்டில் தின்ன தூசி கொஞ்சநஞ்சமில்லை. 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை ரயில் வந்தது. சரி, இனிமேல் நிம்மதி என்று நினைத்த அடுத்த வருஷமே மூட்டை கட்டுகிறோம். நம்ம ராசி அப்படி.

வரும்போது பிடிக்காமல்தான் வந்தேன். நான் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல்காட்டுக்காரன். கடல் பக்கத்தில் வீடு என்றதும் பெசன்ட் நகர் மாதிரி மணலும் சுண்டலும் கற்பனையில் இருந்தது. இங்கே வந்து பார்த்தால் மணலே இல்லை. பாறாங்கல் சுவர், அந்தப் பக்கம் கடல், இந்தப் பக்கம் எண்ணூர் விரைவுச்சாலையில் துறைமுகத்துக்கு வரிசை கட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகள். காற்று திரும்பினால் ஆலை வாசம். முதல் ஆறு மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் ஊரைவிட்டு ஓடுவதே வேலையாக இருந்தது.

வீட்டை லீசுக்கு எடுத்திருந்தோம். எங்கள் ஊரில் இதை ஒத்தி என்போம். மொத்தமாகப் பணத்தைக் கொடுத்துவிட்டு வாடகை இல்லாமல் இருந்து, போகும்போது பணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்வது. அம்மா ஊருக்கு வந்தபோது பஸ் போர்டைப் பார்த்துவிட்டு, "ஒத்தியூர்ல ஒத்திக்கு வீடு பிடிச்சிருக்கியேடா" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில்தான் எனக்கு இந்த ஊர்மேல் முதல் கேள்வி எழுந்தது. ஒற்றி என்றால் என்ன?

தலபுராணம் சொல்லும் காரணம் வேறு. பிரளய வெள்ளம் வந்தபோது இறைவன் அதை ஒற்றி, அதாவது விலக்கித் தள்ளி, காத்த இடம் என்பதால் ஒற்றியூர். இன்னொரு கதையும் உண்டு. கோயில்கள் எல்லாம் செலுத்த வேண்டிய இறையைக் குறித்து அரசன் ஓலை அனுப்பினானாம். அந்த ஓலையில் வரிகளுக்கு நடுவே 'ஒற்றியூர் நீங்கலாக' என்று யாரும் எழுதாத எழுத்து இருந்ததாம். அதனால் சுவாமிக்கு எழுத்தறியும் பெருமான் என்று பெயர். ப்ரொடக்‌ஷன் கோடில் யாரோ ஒரு வரி சேர்த்துவிட்டு, கேட்டால் 'நான் இல்லை' என்பார்களே, அதன் ஆதி வடிவம் இதுதான் என்று டீமில் சொல்லியிருக்கிறேன். யாரும் சிரிக்கவில்லை.

இப்படி விளையாட்டாகத்தான் கோயிலுக்குப் போக ஆரம்பித்தேன். பக்தி கொஞ்சம், கல்வெட்டு ஆசை நிறைய. ஆதிபுரீசுவரர் கருவறை தூங்கானை மாடம், பின்பக்கம் யானை படுத்த மாதிரி வளைந்திருக்கும். முதலாம் ராஜேந்திரன் காலத்தில் சதுரானன பண்டிதர் என்ற மடத்துத் தலைவர் சொல்ல, ரவி என்கிற வீரசோழத் தச்சன் கட்டியது என்று கல்வெட்டே சொல்கிறது. ஆயிரம் வருஷத்துக் கட்டடத்துக்கு ஆர்க்கிடெக்ட் பெயர் தெரிவது எத்தனை இடத்தில் கிடைக்கும்? அந்தப் பெயரைப் படித்த அன்று ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை.

சதுரானன பண்டிதர் என்பது ஓர் ஆளின் பெயர் அல்ல, மடத்தின் தலைவர்கள் வழிவழியாகத் தாங்கிய பெயர். அந்த வரிசையின் தொடக்கத்தில் இருப்பவர் கதைதான் என்னை இந்த ஊரில் கட்டிப்போட்டது.

அவர் பெயர் வல்லபன். கேரளத்துக்காரர். சோழ நாட்டுக்கு வந்து, முதலாம் பராந்தகனின் மகன் ராஜாதித்தனுக்கு நெருங்கிய நண்பரானார். ராஷ்டிரகூட மூன்றாம் கிருஷ்ணனின் படையெடுப்பை எதிர்பார்த்து ராஜாதித்தன் திருநாவலூர்ப் பக்கம் பெரும்படையோடு தங்கியிருந்த காலம் அது. கி.பி. 949இல் தக்கோலத்தில் போர். யானைமேல் இருந்தபடியே ராஜாதித்தன் இறந்தான். வல்லபன் அப்போது அவன் பக்கத்தில் இல்லை. தலைவனோடு சேர்ந்து சாகக் கிடைக்கவில்லையே, பிறந்த குலத்துக்கும் பெற்ற தகப்பனுக்கும் நம்பிய தலைவனுக்கும் பொருந்தாத காரியம் ஆகிவிட்டதே என்ற நாணம் அவரைத் தின்றது. கங்கைக்குப் போய் நீராடினார். பிறகு வந்து சேர்ந்த இடம் திருவொற்றியூர். இங்கே ஒரு குகையில் இருந்த நிரஞ்சன குருவிடம் தீட்சை பெற்றுச் சதுரானனர் ஆனார், மடத்தை ஏற்றார்.

இதைச் சொல்லும் கல்வெட்டு சோழன் பெயரில் இல்லை. மூன்றாம் கிருஷ்ணனின் 20ஆம் ஆட்சியாண்டு, அதாவது 959 வாக்கில் வெட்டப்பட்டது. தொண்டை மண்டலம் அப்போது ராஷ்டிரகூடர் கையில். கொஞ்சம் நிறுத்தி யோசித்துப் பாருங்கள். தன் நண்பனைக் கொன்ற அரசனின் ஆட்சியாண்டைத் தேதியாகப் போட்டு, அதன் கீழே அந்த நண்பனின் சாவையும் தன் வெட்கத்தையும் கல்லில் எழுதி வைத்திருக்கிறார் ஒருவர். நீலகண்ட சாஸ்திரியின் சோழர்கள் நூலில் இது சில வரிகளில் கடந்துபோகும். நான் அந்தச் சில வரிகளைத் தாண்ட ஒரு வாரம் ஆனது. எங்கிருந்தோ வந்து, ஒரு குற்றவுணர்வோடு இந்தக் கடற்கரையில் உட்கார்ந்து, கடைசிவரை இங்கேயே இருந்துவிட்ட மனுஷன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் பெசன்ட் நகருக்குப் போகவில்லை.

திருநாவலூரிலிருந்து இதே ஊருக்கு வந்தவர் இன்னொருவரும் உண்டு. அவர் தங்கவில்லை, போய்விட்டார். சுந்தரரைத்தான் சொல்கிறேன். திருநாவலூர் அவர் பிறந்த ஊர். ஒருவரின் பிறந்த ஊர், இன்னொருவரின் பாசறை. இரண்டு கதையும் முடிச்சுப் போடுவது ஒற்றியூரில். இதில் ஆராய்ச்சி முடிவு எதுவும் இல்லை, தற்செயல்தான். ஆனாலும் மேப்பை விரித்து இரண்டு கோடு போட்டுப் பார்த்துவிட்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஞாயிறு என்ற ஊரில் பிறந்து, ஒற்றியூர்க் கன்னிமாடத்தில் இருந்து கோயிலுக்குப் பூத்தொடுத்த சங்கிலியாரைச் சுந்தரர் மணக்க விரும்புகிறார். திருவாரூரில் பரவையார் இருப்பது ஊருக்கே தெரியும். சங்கிலியார் கேட்பது ஒரே ஒரு சத்தியம்: உன்னைவிட்டுப் போகமாட்டேன். சுந்தரர் ரொம்ப உஷார். சன்னிதியில் சத்தியம் செய்தால் மாட்டிக்கொள்வோம், அதனால் அந்த நேரத்துக்கு மட்டும் நீர் மகிழ மரத்தடிக்குப் போய்விடும் என்று சிவனிடமே ஏற்பாடு செய்கிறார். சிவன் சரி என்று சொல்லிவிட்டு, சங்கிலியாரின் கனவில் போய், மகிழடியில் சத்தியம் கேள் என்று சொல்லிவிடுகிறார்! வேறு வழியில்லாமல் சுந்தரர் மரத்தை மூன்று முறை சுற்றி வந்து சத்தியம் செய்கிறார். கொஞ்ச நாளில் வசந்தம் வருகிறது, தென்றல் அடிக்கிறது, திருவாரூர் ஞாபகம் வந்துவிடுகிறது. கிளம்புகிறார். ஒற்றியூர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் போகிறது. திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல், காஞ்சியில் இடக்கண், திருவாரூரில் வலக்கண்.

இதைச் சேக்கிழார் பாடியது 12ஆம் நூற்றாண்டில். அதே நூற்றாண்டில் இரண்டாம் ராஜாதிராஜன் பங்குனித் திருவிழாவுக்கு இந்தக் கோயிலுக்கு வந்து, ஆளுடைய நம்பி ஸ்ரீபுராணம் கேட்டதாக இங்கே கல்வெட்டு இருக்கிறது. ஆளுடைய நம்பி என்றால் சுந்தரர். பக்கத்தில் யார் இருந்தது? அந்தக் காலத்துச் சதுரானன பண்டிதர். போனவரின் கதையை, தங்கியவரின் வாரிசு உட்கார்ந்து கேட்கிறார். இன்றைக்கும் மாசித் திருவிழாவில் மகிழடி சேவை நடக்கிறது. என் மகள் ஆறாவது படிக்கும்போது கூட்டிப்போய் மரத்தைக் காட்டிக் கதை சொன்னேன். "சங்கிலியாருக்கு அப்புறம் என்னாச்சு?" என்றாள். பெரும்பாலான கதைசொல்லிகள் தாண்டிப்போகிற இடம் அது. நானும் தாண்டினேன்.

போனவர்கள் பட்டியல் இன்னும் இருக்கிறது. ஏழுகிணறு வீட்டிலிருந்து இந்தக் கோயிலுக்கு நடந்தே வந்து, வடிவுடையம்மன்மேல் மாலை பாடிய வள்ளலார், 35 வயது வாக்கில் சென்னையை விட்டுக் கருங்குழிக்குப் போனார். சீடர் வீணை குப்பையர் இருந்த இந்த ஊருக்கு வந்து, திரிபுரசுந்தரிமேல் ஐந்து கிருதி பாடிவிட்டுத் திருவையாறு திரும்பினார் தியாகராஜர். தங்கிவிட்டவர் என்றால் பட்டினத்தார். பேய்க்கரும்பு இங்கேதான் இனித்ததாம், கடலோரத்திலேயே சமாதி. சாமியார்கள் மட்டும் இல்லை. 1946இல் இங்கே ஒரு கொட்டகையில் பொம்மை பலூன் செய்ய ஆரம்பித்ததுதான் பிறகு எம்.ஆர்.எஃப். டயர் ஆனது. 1950களில் புல்லட் மோட்டார் சைக்கிள் இந்தியாவில் உருவாக ஆரம்பித்ததும் இந்த ஊரில்தான். என் வீட்டு மாடியில் நின்றால் அந்த ஆலைப் பக்கம் தெரியும்.

கடைசியாகப் புரிந்தது கடல்.

மீன் வாங்குவதில் நான் சுத்த மக்கு. காய்கறிக்காரன் மாதிரி எடை கேட்பேன். ஓர் ஆயாதான் பொறுமையாகச் செவுளைத் தூக்கிக் காட்டிக் கற்றுக்கொடுத்தார். ஒருநாள் கல் சுவர்மேல் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது, "ஆயா, உங்க வீடு எது?" என்று கேட்டேன். குப்பத்தைக் காட்டுவார் என்று நினைத்தேன். அவர் கையைக் கடலுக்குள் நீட்டினார். "நான் கண்ணாலம் கட்டிக்கினு வந்த வூடு தோ, அந்த அலை ஒடையுது பாரு, அதுக்கும் அந்தாண்ட. வாசல்ல வலை காயப்போடுவோம். அப்பால கோயிலு, அப்பால மணலு, அதுக்கு அப்பால தான்பா கடலு."

வீட்டுக்கு வந்து துறைமுகத்தின் கதையைத் தேடினேன். நம் கிழக்குக் கரையில் மணல் சும்மா கிடப்பதில்லை. வருஷத்தின் பெரும்பகுதி அலைகள் தெற்கிலிருந்து சாய்வாக வந்து மணலை வடக்கே தள்ளிக்கொண்டே போகும். வடகிழக்குப் பருவக்காற்றில் கொஞ்சம் திரும்பும், ஆனால் கணக்கு எப்போதும் வடக்குக்குத்தான் சாதகம். 1870களின் பிற்பாதியில் சென்னைத் துறைமுகத்துக்குக் கடலுக்குள் கல் கரங்கள் கட்ட ஆரம்பித்தார்கள். 1881 புயல் அதை உடைத்தது, மறுபடி கட்டினார்கள். அந்தக் கரத்தில் மணல் முட்டி நின்றது. தெற்கே குவிந்தது, வடக்கே வருவது நின்றது. பழைய ஓவியங்களில் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்கு மிக அருகே அலை அடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். இன்று அங்கிருந்து கடல் எவ்வளவு தூரம்! கிராண்ட் டஃப் 1880களில் மெரினா என்று பெயர் வைத்த கரை, அதற்குப் பின் அகன்றுகொண்டே போனது. அந்த மணல் எங்கேயோ போயிருக்க வேண்டிய மணல். ராயபுரம் தொடங்கி எண்ணூர் வரை தெருத்தெருவாகக் கடல் எடுத்துக்கொண்டது. பாறாங்கல் கொட்டினார்கள், தூண்டில் வளைவுகள் போட்டார்கள். அவை ஓர் இடத்தைக் காப்பாற்றினால் அரிப்பு அதற்கு வடக்கே நகரும்.

மெரினாவில் நாம் வாங்கித் தின்கிற சுண்டல் ஆயாவின் வாசலில் உட்கார்ந்து தின்பது என்று சொன்னால் மிகை. ரொம்ப மிகை என்றும் சொல்லமுடியாது. பிரளயத்தை ஒற்றிய ஊர் என்ற பெயருக்கு நான் அப்புறம் சிரிக்கவில்லை.

வந்த புதிதில் இதெல்லாம் தெரிந்திருந்தால் ஊர் சீக்கிரம் பிடித்திருக்குமா? தெரியாது. காலையில் தேரடியில் டீ, கார்த்திகைப் பௌர்ணமியில் மூன்று நாள் மட்டும் கவசம் திறக்கும் புற்று லிங்கத்தைப் பார்க்க நிற்கும் வரிசை, ராத்திரி லாரி ஹாரனுக்கு நடுவே அலைச்சத்தம். இவையெல்லாம் எப்போது சொந்தமாயின என்று குறித்து வைக்கவில்லை.

போனவாரம் ஆயாவிடம் சொன்னேன். "போறியா? போ, போ. புள்ளையாண்ட சொல்லிட்டியா?" என்று கேட்டுவிட்டு, ஒரு கவரில் நெத்திலிக் கருவாடு போட்டுக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. அடுத்தமுறை வரும்போது கொடு என்றார். வீட்டுக்காரர் ஒத்திப் பணத்தைச் சுத்தமாகத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

நேற்று கொஞ்சம் சாமான்களைக் காரில் ஏற்றிப் புது வீட்டுக்குக் கிளம்பினோம். விரைவுச்சாலையில் கன்டெய்னர் வரிசையில் சிக்கி, ஊர் எல்லையைத் தாண்டவே ஒன்றேகால் மணி நேரம். தாண்டியதும் பின்சீட்டிலிருந்து மகள் மெதுவாகக் கேட்டாள்: "அப்பா, கண்ணு தெரியுதா?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டேன். "தெரியுதும்மா. முன்னாடி லாரி நம்பர் வரைக்கும் தெரியுது."