தசை சுருங்குவது எப்படி? - ஒரு கண்டுபிடிப்பின் வரலாறு

மனித உடலில் 600க்கும் மேற்பட்ட எலும்புத்தசைகள் உள்ளன. நடப்பது, எழுதுவது, மூச்சு விடுவது என எல்லாவற்றுக்கும் இவற்றின் சுருக்கமே காரணம். ஆனால் தசை எப்படிச் சுருங்குகிறது என்ற கேள்விக்கு 1954ல் தான் சரியான விடை கிடைத்தது.

1791ல் இத்தாலியின் லூயிஜி கால்வானி, செத்த தவளையின் கால் மின்சாரத்தால் துடிப்பதை எழுதி வெளியிட்டார். தசையைத் தூண்டுவது எது என்பதற்கு அது ஒரு தொடக்கம். உள்ளே நடப்பது என்ன என்பது புரியவில்லை.

எலும்புத்தசை பல நார்களின் கட்டு. ஒவ்வொரு நாரும் பல உட்கருக்கள் கொண்ட ஒரே செல். அதனுள் இருக்கும் நுண்ணிழைகளில் கருமையான 'ஏ' பட்டைகளும் வெளிறிய 'ஐ' பட்டைகளும் மாறி மாறி அமைந்துள்ளன. ஐ பட்டையின் நடுவே இசட் கோடு உண்டு. இரண்டு இசட் கோடுகளுக்கு இடைப்பட்ட பகுதியே சார்கோமியர் எனப்படுகிறது.

1864ல் வில்ஹெல்ம் கூனே தசையிலிருந்து பிரித்த புரதத்துக்கு மயோசின் என்று பெயரிட்டார். 1942ல் ஹங்கேரியில் சென்ட் ஜார்ஜியின் ஆய்வகத்தில் ஸ்ட்ராப் ஆக்டினைக் கண்டுபிடித்தார். இரண்டும் சேர்ந்த இழை, ஏ.டி.பி. சேர்த்ததும் சோதனைக் கூடத்திலேயே சுருங்கியது! இதனால் புரதங்களே மடிந்து சுருள்கின்றன என்று பலரும் நம்பினர்.

1954 மே மாதம் 'நேச்சர்' இதழில் இரண்டு கட்டுரைகள் அடுத்தடுத்து வந்தன. ஒன்று ஆண்ட்ரூ ஹக்ஸ்லி, நீடர்கெர்க்கே எழுதியது. மற்றொன்று ஹ்யூ ஹக்ஸ்லி, ஜீன் ஹான்சன் எழுதியது. இரு ஹக்ஸ்லிகளும் உறவினர்கள் அல்லர். முன்னவர்கள் உயிருள்ள தவளைத் தசைநாரையும், பின்னவர்கள் முயல் தசையின் நுண்ணிழையையும் ஆராய்ந்தனர். இரு குழுவும் கண்டது ஒன்றே: சுருங்கும்போது ஐ பட்டை குறுகுகிறது, ஏ பட்டையின் அகலம் மாறுவதில்லை. அப்படியானால் இழைகள் மடிவதில்லை, ஒன்றின் மீது ஒன்று வழுக்கிச் செல்கின்றன. 19ஆம் நூற்றாண்டிலேயே சிலர் ஏ பட்டை மாறாததைக் கண்டிருந்தும் அது மறக்கப்பட்டிருந்தது என்பது வியப்பான செய்தி.

மயோசின் தலைகள் ஆக்டினைப் பற்றி இழுக்கின்றன. விடுபட ஏ.டி.பி. வேண்டும். இறந்தவர் உடல் விறைப்பது ஏ.டி.பி. தீர்ந்துபோவதால் தான்.

சுருக்கத்தின் வகைகளையும் இக்கொள்கை விளக்குகிறது. குடத்தைத் தூக்கும்போது மேற்கைத் தசை குறுகுகிறது. தூக்கிய குடத்தை அசையாமல் பிடித்திருக்கும்போது நீளம் மாறுவதில்லை, ஆனால் தலைகள் தொடர்ந்து இழுப்பதால் விசை உண்டாகிறது. இது சமநீளச் சுருக்கம். மெல்ல இறக்கும்போது தசை இழுத்துக்கொண்டே நீள்கிறது.

கண்ணெதிரே தெரிந்த ஒன்றை மறந்துவிட்டால் அறிவியல் எத்தனை ஆண்டுகள் பின்தங்கும் என்பதற்கு தசையின் கதை ஒரு பாடம்.