சிறுமுதற் போர்ப்படங்களும் வரலாற்றுச் சான்றும்

போர்க்களத்தை நேரிற் கண்டார் சிலர்; கேட்டறிந்தார் பலர். இருபதாம் நூற்றாண்டில் இவ்விரு திறத்தாரோடு, திரையிற் கண்டார் என்னும் மூன்றாந் திறத்தாரும் சேர்ந்தனர். தொகையால் மிக்காரும் இவரே. கொரியப் போர், வியத்நாம் போர் ஆகியவற்றைப் பற்றி நம் மாணவர் அறிந்திருப்பனவற்றுள் பெரும்பகுதி திரைப்படங்களின் வாயிலாக வந்தது என்பதை வகுப்பறையில் யாம் பன்முறை கண்டுள்ளோம். ஆகலின், அப்படங்களை எவ்வளவிற்கு வரலாற்றுச் சான்றாகக் கொள்ளலாம் என்னும் வினா வெறும் பொழுதுபோக்குப் பற்றிய வினா அன்று. பெரும்பொருள் கொட்டி எடுக்கப்பட்டுப் பரிசில் பெற்ற படங்களை ஈண்டு யாம் முதன்மையாகக் கருதவில்லை. சில நாள்களில், சில நடிகரைக் கொண்டு, கிடைத்த இடத்தில் எடுத்து முடிக்கப்பட்ட அமெரிக்கப் போர்ப்படங்களே எம் ஆய்வுக்கு உரியன. இவற்றின் வறுமையையே இவற்றின் குறையாகக் கொள்வது வழக்கம். எனினும், வறுமையால் நேர்ந்த குறை வேறு. வறுமையைச் சாக்காகக் கொண்டு புகுந்த குறை வேறு. முன்னது பலவிடத்துக் குணமாகவே முடிந்தது. பின்னதே ஆராய்ச்சியாளன் அஞ்சத்தக்கது.

ஒரு படத்தை விரிவாக நோக்குவோம். கொரியப் போர் 1950-ஆம் ஆண்டு சூன் 25-ஆம் நாள் தொடங்கிற்று. அப்போரைப் பற்றி அமெரிக்காவில் முதன்முதல் வெளிவந்த கதைப்படம், சாமுவேல் ஃபுல்லர் எழுதி இயக்கிய ‘ஸ்டீல் ஹெல்மெட்’ என்பது. போர் நிகழ்ந்துகொண்டிருக்கும்போதே, 1951-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அது திரைக்கு வந்துவிட்டது. சிறுபடங்களை விரைந்தெடுத்து விற்பதைத் தொழிலாகக் கொண்ட இராபர்ட் லிப்பர்ட் அதற்கு முதலிட்டார். செலவு ஏறத்தாழ 1,04,000 டாலர். படப்பிடிப்பு ஏறத்தாழப் பத்தே நாள். லாஸ் ஏஞ்சலஸ் நகரின் கிரிஃபித் பூங்கா கொரிய நாடாயிற்று. பல்கலைக்கழக மாணவர் இருபத்தைவரைப் படையினராக நிறுத்தினதாகவும், டாங்கியை ஒட்டுப்பலகையால் செய்துகொண்டதாகவும் ஃபுல்லரே பிற்காலத்தில் கூறியுள்ளார். இங்ஙனம் எடுக்கப்பட்ட படம் ஏளனத்திற்கு உரியதாய் முடிந்திருத்தல் வேண்டும். அவ்வாறு முடியவில்லை.

படம் தொடங்கும்போது திரையில் ஒரு தலைக்கவசம் கிடக்கிறது. அதில் துப்பாக்கிக் குண்டு துளைத்த ஓட்டை ஒன்று. பிணத்தின் தலைமேற் கிடப்பது போலும் என்று எண்ணுகிறோம். கவசம் மெல்ல உயர்கிறது. அதன் கீழ் இரண்டு கண்கள் தெரிகின்றன. கைகள் கட்டப்பட்டுச் சுட்டுக்கொல்லப்பட்ட கைதிகளுள் உயிர் தப்பிய ஒருவன் அவன்; பெயர் சார்ஜண்ட் சாக். இக்காட்சிக்கு வேண்டிய பொருள் ஒரு கவசமும் ஒரு நடிகனுமே. ஆயினும் கண்டார் இதனை மறப்பதில்லை. கொரியச் சிறுவன் ஒருவன் அவன் கட்டை அறுத்துவிடுகிறான், உடன் வருகிறான். வழிதவறிய சிறு படைக்குழு ஒன்றுடன் இருவரும் சேர்ந்து, ஒரு புத்தர் கோயிலில் தங்குகின்றனர். படத்தின் பிற்பகுதி பெரும்பாலும் அக்கோயிலினுள்ளேயே நிகழ்கிறது. போரின் முழுத்தோற்றம் யாண்டும் காட்டப்படவில்லை; காட்டப் பணமும் இல்லை. மூடுபனிக்கு அப்பால் எவன் இருக்கிறான் என்பது படைவீரனுக்குத் தெரியாததுபோல் நமக்கும் தெரிவதில்லை. காலாட்படையினன் கண்ட போர் இத்தகையதே. முதற் காலாட்படைப் பிரிவில் வட ஆப்பிரிக்கா, சிசிலி, நார்மண்டி ஆகிய களங்களில் நின்றவர் ஃபுல்லர். அவர் அறிந்த போர் வரைபடத்திற் கண்ட போரன்று. முன்னிருப்பவன் முதுகிற் கண்ட போர். அதனைக் காட்டப் பெரும்பொருள் தேவைப்படவில்லை. சிறுமுதற் படங்களின் கவர்ச்சிக்கு முதற் காரணமாக யாம் கருதுவது இவ்வணுக்கமே.

அடுத்த காரணம் இன்னும் வலியது. சிறையுண்ட வடகொரிய அதிகாரி ஒருவன், கறுப்பினத்தவனான மருத்துவப் பணியாளனிடம், நின் நாட்டில் நீ பேருந்தின் பின்னிருக்கையில் அன்றோ அமர்கிறாய் என்று வினவுகிறான். சப்பானிய மரபினனான சார்ஜண்ட் தனாகாவிடம், நும்மவரை முள்வேலிக்குள் அடைத்தவர்க்காகவோ போரிடுகிறாய் என்று கேட்கிறான். 1942-ஆம் ஆண்டு பிப்ரவரி 19-ஆம் நாள் ஆணையின் விளைவாக ஏறத்தாழ 1,20,000 சப்பானிய மரபினர் அமெரிக்காவில் அடைத்துவைக்கப்பட்டனர் என்பது வரலாறு. அதனைத் திரையில் வாய்விட்டுக் கூறிய மிக முற்பட்ட படங்களுள் இஃது ஒன்று. பேருந்து இருக்கையைப் பற்றிய மாண்ட்கோமரி நகரப் புறக்கணிப்போ 1955-ஆம் ஆண்டு திசம்பரில்தான் தொடங்கிற்று. இறுதியில் சிறுவன் சுட்டுக் கொல்லப்படுகிறான். அவன் எழுதிவைத்திருந்த வேண்டுதலைக் கைதி இகழ, சாக் வெகுண்டு அக்கைதியைச் சுட்டுவிடுகிறான். அமெரிக்கப் படைவீரன் போர்க்கைதியைக் கொல்லுதலா என்று படைத்துறையினர் சினந்தனர். இத்தகைய கொலையைத் தாம் முன்னைப் போரிற் கண்டதுண்டு என்பது ஃபுல்லர் அளித்த விடை. இடதுசாரி இதழாளரும் படத்தைத் தாக்கினர். வலதுசாரி இதழாளரும் தாக்கினர்.

பெரிய நிறுவனம் ஒன்று இக்காட்சியை எடுத்திருக்குமா? எடுத்திராது என்றே கருதுகிறோம். காரணம் துணிவின்மை மட்டுமன்று, கணக்குப் பற்றியது. டாங்கி, கப்பல், வானூர்தி, படைவீரர் ஆகியவற்றைப் படைத்துறையிடம் பெறவேண்டுமாயின் திரைக்கதையை அதன் அலுவலர் பார்வைக்கு முதற்கண் அனுப்புதல் வேண்டும். ஒட்டுப்பலகை டாங்கியை உடையவனுக்கு அந்த இடர் இல்லை. 1949-ஆம் ஆண்டு வெளிவந்த ‘சாண்ட்ஸ் ஆஃப் ஐவோ ஜீமா’ என்னும் படத்தை இதனோடு ஒப்பிடலாம். ஜான் வெய்ன் நடித்த அப்படம் கடற்படைக் காலாட்படையினரின் பெருந்துணையோடு, அவர்தம் பாசறையிலேயே பெரும்பகுதி எடுக்கப்பட்டது. 1945-ஆம் ஆண்டு ஐவோ ஜீமா மலைமேற் கொடியேற்றியவராகப் புகழ்பெற்ற வீரர் மூவரே அதில் தோன்றினர். சான்றுடைமைக்கு இதனினும் வேறு என் வேண்டும்? ஆயினும் அம்மூவருள் ஜான் பிராட்லி அப்புகழ்பெற்ற நிழற்படத்தில் இல்லை என 2016-இலும், ரெனே காக்னன் இல்லை என 2019-இலும் அப்படைப்பிரிவே ஆராய்ந்து அறிவித்தது. இது படமெடுத்தோர் குற்றமன்று. அவர் அறிந்தது அவ்வளவே. எனினும் துறையின் முத்திரை வரலாற்றின் முத்திரையாகாது என்பதற்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு எமக்குக் கிட்டவில்லை.

பொருட்குறையே கதையாக அமைந்த இடமும் உண்டு. டான் சீகல் இயக்கிய ‘ஹெல் இஸ் ஃபார் ஹீரோஸ்’ (1962) படத்தில், ஒரு சிறு குழு செர்மானியர் எதிரே நீண்ட எல்லையைக் காக்க விடப்படுகிறது. ஆள் மிகுதி உண்டு எனப் பகைவர் நம்பவேண்டும். எனவே ஒரு ஜீப்பு வண்டியை டாங்கிபோல் ஒலிக்கச் செய்கின்றனர். ஒற்றுக்கேட்கும் கருவியை அறிந்து, இல்லாத தலைமையகத்தோடு பொய்யுரையாடல் நிகழ்த்துகின்றனர். சிலரைப் பலராகக் காட்டும் இத்தந்திரம் படமெடுப்போர் தந்திரமும் அன்றோ! நகைப்பிற்கு இடமான செய்திகளும் இல்லாமலில்லை. ரோஜர் கோர்மன் ‘ஸ்கீ ட்ரூப் அட்டாக்’ (1960) என்னும் படத்தைத் தெற்கு டக்கோட்டாவின் பனிமலைகளில் எடுத்தார். பள்ளிகளின் பனிச்சறுக்கு மாணவரே அதில் படையினராக வந்தனர். செர்மானியனாக நடிக்கவேண்டியவர் காலை முறித்துக்கொள்ளவே, இயக்குநரே அவ்வேடத்தைப் பூண்டார். அவர் பனிச்சறுக்கில் வல்லுநர் அல்லர் என்பதைப் படமே காட்டிக்கொடுக்கிறது.

இனிப் பிழைகளுக்கு வருவோம். பழைய செய்திப்படத் துணுக்குகளை இடையிடையே ஒட்டுதலும், ஒரே மரத்தடியை மூன்று களமாகக் காட்டுதலும் கண்ணுக்குத் தெரியும் குறைகள். கண்ணுக்குத் தெரிவதாலேயே அவை ஏமாற்றுவதில்லை. கவனக்குறைவால் வந்தனவும் சில உள. ‘ஸ்டீல் ஹெல்மெட்’ படத்தில் பழைய ஸ்காத்லாந்துப் பாட்டின் மெட்டைக் கேட்டதும், அது தன் நாட்டுப் பண் என்று சிறுவன் எழுந்து நிற்கிறான். கொரியர் அம்மெட்டில் தம் நாட்டுப்பண்ணைப் பாடியது மெய்யே. ஆயின் தென்கொரிய அரசு 1948-ஆம் ஆண்டிலேயே ஆன் இக்தே அமைத்த மெட்டை மேற்கொண்டுவிட்டது. முன்னர்க் கற்ற மெட்டைச் சிறுவன் மறவாதிருந்தான் என்று அமைதி கூறலாம். இதனைப் பெரிதுபடுத்த யாம் விழையவில்லை.

பெரிதுபடுத்த வேண்டியது வேறு. அப்படத்தில் வழிபடும் குடிமக்கள்போல் வேடமிட்ட பகைவர் திடீரெனச் சுடுகின்றனர். யாரையும் நம்பாதே என்பதே சாக் கற்பிக்கும் பாடம். சிறுவனைத் தவிர, பெயரும் உரையும் உடைய கொரியக் குடிமக்கள் படத்தில் இல்லை. இப்படம் எடுக்கப்படுவதற்குச் சில திங்கள் முன்னர், 1950-ஆம் ஆண்டு சூலை 26 முதல் 29 வரை, நோ கன் ரி என்னும் சிற்றூரின் இருப்புப்பாதைப் பாலத்தின்கீழ் ஒதுங்கிய அகதிகளை அமெரிக்கப் படையினர் சுட்டுக்கொன்றனர். அகதிகளிடையே வேடமிட்ட பகைவர் கலந்துள்ளனர் என்னும் அச்சம் அக்காலத்துப் படையினரிடையே பரவியிருந்தது. இந்நிகழ்ச்சி 1999-ஆம் ஆண்டு செய்தி நிறுவனம் ஒன்றின் ஆய்வால்தான் உலகறிய வெளிப்பட்டது. இறந்தோரும் காணாமற்போனோருமாக 163 பேரைக் கொரிய அரசின் குழு 2005-இல் உறுதிசெய்தது. பெரும்பாலோர் பெண்டிரும் சிறாரும் முதியோருமே என்ப.

ஃபுல்லர் இதனை அறிந்து மறைத்தார் என்று யாம் கூறவில்லை. 1950-இல் லாஸ் ஏஞ்சலஸில் இருந்தவர் இதனை அறிய வழியில்லை. எம் கருத்து வேறு. கைதி ஒருவனின் கொலையைத் துணிந்து காட்டிய அதே படம், குடிமக்களின் கொலைக்கு வழிவகுத்த அச்சத்தை ஐயத்திற்கு இடமில்லா உண்மையாக ஏற்றுக் காட்டிற்று. இதற்கு வறுமை காரணமாகாது. பகைவனாக வேடமிட்ட மாணவனுக்கு அளித்த கூலியே, மூட்டை சுமந்து நடக்கும் அகதிக்கும் போதும். ஒருவன் வரவு மற்றவன் வரவினும் மிகுந்த செலவு உடையதன்று. எவரைக் காட்டுவது என்று தெரிந்தெடுத்தது பணப்பை அன்று.

நடிகர் தேர்விலும் இதுவே நிகழ்ந்தது. சீன மரபினரான ரிச்சர்ட் லூ, இரண்டாம் உலகப்போர்க் காலப் படங்களில் கொடிய சப்பானியராகவே பன்முறை தோன்றியவர். இப்படத்தில் நல்ல தனாகாவாக வருகிறார். ஆசிய முகம் எந்நாட்டினதாயினும் ஒன்றே என்னும் எண்ணம் சிறுபடத்திற்கும் பெரும்படத்திற்கும் பொதுவாக இருந்தது.

சாக்காகக் கொண்ட குறை முற்றிய நிலையை முப்பது ஆண்டுகளுக்குப் பின்னர் வந்த வியத்நாம் படங்களிற் காணலாம். கேனன் நிறுவனத்தார் சக் நாரிஸைக் கொண்டு பிலிப்பைன்சில் எடுத்த ‘மிஸ்ஸிங் இன் ஆக்‌ஷன்’ 1984-இல் வெளிவந்தது. முதற்படமாகக் கருதி எடுத்தது 1985-இல் முன்கதை என்னும் பெயரால் வர, இரண்டாவதாகக் கருதியதே முந்திக்கொண்டது. போர் முடிந்த பின்னரும் அமெரிக்கக் கைதிகள் காடுகளில் மறைத்துவைக்கப்பட்டுள்ளனர், ஒரு வீரன் சென்று மீட்கிறான், இதுவே கதை. 1973-ஆம் ஆண்டு 591 கைதிகள் வீடு திரும்பினர். எஞ்சியோர் உயிருடன் சிறையில் உளர் என்பதற்கு வலுவான சான்று இல்லை என்று அமெரிக்க மேலவைக் குழு 1993-ஆம் ஆண்டு சனவரியில் முடிவு கூறிற்று. காணாமற்போன மகனுக்காகக் காத்திருந்த பெற்றோர்க்குப் பொய்ந்நம்பிக்கையை ஊட்டிய பங்கு இப்படங்களுக்கும் உண்டு என்றே எண்ணுகிறோம். மீட்பவன் சுடச் சுட வியத்நாமியர் வீழ்கின்றனர். வீழ்ந்தவன் முகத்தைத் திரை ஒருகணமும் நோக்குவதில்லை. ‘ஸ்டீல் ஹெல்மெட்’ படத்தின் கைதியேனும் எதிர்த்து வினவினான். அவ்வினாக்களுக்கு நல்ல விடை படத்தில் இல்லை என்பதையும் காண்பார் உணர்ந்தனர்.

ஃபுல்லர்க்குப் பிற்காலத்தில் ஓரளவு பெரும்பொருள் கிட்டிற்று. தாம் பணியாற்றிய படைப்பிரிவைப் பற்றி ‘தி பிக் ரெட் ஒன்’ என்னும் படத்தை இசுரேலிற் பெரும்பகுதி எடுத்து 1980-இல் வெளியிட்டார். நிறுவனத்தார் அதனை வெட்டிக் குறைத்தனர். வெட்டுண்ட பகுதிகளுட் பலவற்றைச் சேர்த்து 2004-ஆம் ஆண்டு மீண்டும் அமைத்தனர். நார்மண்டிக் கடற்கரையிற் கப்பல்களையும் படைத்திரளையும் நிறுத்திக் காட்ட அப்போதும் அவரால் இயலவில்லை. அவர் விரும்பவும் இல்லை போலும். இறந்துகிடக்கும் ஒருவன் மணிக்கட்டில் ஒரு கடிகாரம். அலை வந்து அதன்மேல் மோதுகிறது. முள் நகர்ந்திருக்கிறது, நீரின் நிறம் சிவந்திருக்கிறது. மறுமுறை காட்டும்போது இன்னும் நகர்ந்திருக்கிறது. நீர் இன்னும் சிவந்திருக்கிறது.