அடுத்த நூல் எது? தமிழ் முஸ்லிம்களின் வாசிப்பு மரபு குறித்துச் சில சிந்தனைகள்

அரியாங்குப்பம் என்றதும் வரலாற்று மாணவர்க்கு முதலில் நினைவில் எழுவது அதன் ஆற்றங்கரையில் அமைந்த அரிக்கமேடு ஆகும். 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்த அவ்விடத்தில் ரோமானியக் கலங்களோடு தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும் கிடைத்தன. அவற்றுட் சில ஆட்பெயர்களைத் தாங்கியவை. உடைமையைக் குறிக்கவும் கணக்கை வைக்கவும் வணிகர் எழுத்தைக் கைக்கொண்டனர். ஆயினும் எழுத்தறிந்த மனிதன் பெயரோடும் கணக்கோடும் நின்றுவிடுவதில்லை. அவன் கதையையும் நாடுகிறான். ஒன்றை முடித்ததும் 'அடுத்து எது?' என வினவுகிறான். பிற்காலத்தில் இதே சோழமண்டலக் கரையில் கடல் வணிகத்தால் செழித்த நம் முன்னோர் அவ்வினாவுக்கு எவ்வாறு விடை கண்டனர் என்பதை ஈண்டு நோக்குவோம்.

மார்க்க நூல்களைப் பயில்வதே படிப்பு, இன்பத்திற்காகப் படிப்பது வீண்பொழுது என்னும் கருத்து நம்மிடையே சிலருக்கு உண்டு. வரலாறு இக்கருத்துக்குத் துணை நிற்கவில்லை. யூசுஃப் நபி (அலை) அவர்களின் சரிதையை மிக அழகிய வரலாறு என அருள்மறையே சிறப்பிக்கின்றது. அழகும் படிப்பினையும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

இன்று முழுமையாகக் கிடைக்கும் தமிழ் இஸ்லாமிய இலக்கியங்களுள் காலத்தால் முந்தியதாகக் கொள்ளப்படுவது வண்ணப் பரிமளப் புலவரின் 'ஆயிரம் மசலா'. இது 1572இல் மதுரையில் அரங்கேறியது. அப்துல்லாஹ் இப்னு ஸலாம் (ரலி) வினவ, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விடை பகர்வதாக அமைந்த நூல் இது. ஒரு வினாவுக்கு விடை கிடைத்தவுடன் அடுத்த வினா எழுகிறது. கேட்போர் எழுந்து செல்ல மனம் கொள்ளார். பின்னர்த் தோன்றிய 'நூறு மசலா'வில் இதே உத்தி காதற் கதையாக மலர்ந்தது. அரசிளங்குமரி தொடுக்கும் நூறு வினாக்களுக்கும் விடை கூறுபவனே அவள் கரம் பற்றலாம். மார்க்க அறிவும் விடுகதைச் சுவையும் ஒரே இழையிற் கோக்கப்பட்டுள்ளன.

அந்நாளில் படித்தல் என்பது பெரும்பாலும் கேட்டலே. ஒருவர் இராகத்தோடு ஓத, மற்றொருவர் பொருள் விரிக்க, அவை செவிமடுத்தது. ஆகவே அடுத்த நூலைத் தேர்ந்தவர் தனி வாசகர் அல்லர். அவையோரின் ஆர்வமே தேர்ந்தது. இதற்கு உமறுப் புலவரின் 'சீறாப்புராண'த்தினும் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை. விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்றத்து என்னும் மூன்று காண்டங்களில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட விருத்தங்களால் நடந்த அக்காப்பியம், அண்ணலாரின் வாழ்வு முழுமையையும் பாடி நிறைவு பெறவில்லை. எஞ்சிய வரலாற்றைக் கேட்க விழைந்தோரின் வேட்கையைத் தணிப்பது போலக் காயல்பட்டினத்துப் பனீ அஹ்மது மரைக்காயர் 'சின்னச் சீறா'வை யாத்தார். ஒரு நூல் விட்டுச்சென்ற வெற்றிடமே அடுத்த நூலைப் பிறப்பித்தது. 1842இல் செய்கு அப்துல் காதிர் நெயினார் லெப்பை ஆலிம் 'சீறா'வை அச்சேற்றிய பின், அவையினருக்குப் பொதுவாயிருந்த ஏடு வீட்டுக்குரிய புத்தகமாயிற்று.

அவையை ஈர்த்த மற்றொரு வகை படைப்போர். 'சக்கூன் படைப்போர்' முதலிய இந்நூல்களின் போர்கள் பல கற்பனையில் நிகழ்ந்தவை. வரலாற்று ஆதாரம் அற்றவை. ஆலிம்கள் சிலர் இவற்றைக் கண்டித்ததில் நியாயம் உண்டு. கதையை ஹதீஸாகவும் கற்பனையை வரலாறாகவும் மயங்கிக் கொள்வது அறிவுக்கும் மார்க்கத்துக்கும் கேடு. ஆனால் அம்மயக்கத்திற்கு மருந்து, எதை எவ்வாறு படிப்பது என்னும் தெளிவே. கதையை அடியோடு விலக்குவதன்று.

இத்தெளிவைத் தம் எழுத்தாலேயே உணர்த்தியவர் கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (ரஹ்) (1816–1898). 'மகானி' போன்ற மார்க்கச் சட்ட நூலை அரபுத்தமிழில் தந்த அப்பெருந்தகைக்கே, 'மதீனத்துன் நுஹாஸ்' என்னும் வியப்புக் கதையையும் அறிஞர்கள் உரிமையாக்குவர். 'தாமிரப்பட்டணம்' எனப் பின்னர்த் தமிழ் எழுத்தில் வந்தது இதுவே. 'ஆயிரத்தொரு இரவுக'ளிலும் செப்பு நகர்க் கதை ஒன்று உண்டு. தொழுகையின் சட்டத்தைக் கற்பித்த அதே எழுதுகோல் மாய நகரின் கதையையும் கூறத் தயங்கவில்லை. ஒன்றைப் படித்தவர் மற்றொன்றையும் எளிதில் எட்டினர். இரண்டுக்கும் எழுத்து ஒன்றே.

அச்சும் உரைநடையும் பரவியபோது தேர்வு தனி வாசகரின் கைக்கு வந்தது. கண்டியில் 1882இல் 'முஸ்லிம் நேசன்' இதழைத் தொடங்கிய முஹம்மது காசிம் சித்தி லெப்பை, 1885இல் 'அசன்பே சரித்திர'த்தை வெளியிட்டார். தமிழின் முதல் நாவலாகக் கருதப்படும் 'பிரதாப முதலியார் சரித்திரம்' அச்சில் வந்து ஆறே ஆண்டுகள் கழிந்திருந்தன. எகிப்திலும் இந்தியாவிலும் நிகழும் அக்கதை, தமிழ் முஸ்லிம் வாசகருக்குக் கடல் கடந்த உலகை இல்லத்தில் கொணர்ந்தது. பிரெஞ்சு ஆட்சியிலிருந்த காரைக்காலை அடுத்த நாகூரில், குலாம் காதிறு நாவலர் காப்பியங்களோடு ஆங்கில நாவல் ஒன்றையும் தமிழாக்கினார். அவ்வூரிலேயே மூன்றாம் வகுப்பளவே பள்ளி சென்ற சித்தி ஜுனைதா பேகம் 1938இல் 'காதலா கடமையா' நாவலை எழுத, உ.வே. சாமிநாதையர் அதற்கு மதிப்புரை வழங்கினார். பள்ளி மூடிய கதவைத் திறந்தது வாசிப்பே எனலாம்.

ஆயினும் ஓர் இழப்பை மறைத்தலாகாது. இல்லங்களில் பெண்கள் மாலைகளையும் கிஸ்ஸாக்களையும் அரபுத்தமிழில் ஓதி வந்தனர். பள்ளிக்கூடத் தமிழ் பரவ, அரபுத்தமிழ் எழுத்தறிந்தோர் அருகினர். பாட்டியின் பெட்டகத்திலுள்ள நூலைப் பேத்தி படிக்க இயலாமற் போனது. பழைய நூலுக்கும் புதிய வாசகருக்கும் இடையே இருந்த படிகள் சரிந்தன. 'அடுத்து எது?' என்னும் வினா மறையவில்லை. விடையளிக்கும் வரிசையே அறுபட்டது.

புதுச்சேரியில் பிரெஞ்சு அரசு 1827இல் நிறுவிய நூலகம் பிற்காலத்தில் ரொமேன் ரோலண்ட் பெயர் பெற்றது. இத்தகைய பொது நூலகங்கள் வாசகர்முன் பெரும் குவியலை வைக்கின்றன. சீர்காழியிற் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் வகுத்த ஐந்து நூலக விதிகளுள் இரண்டு, ஒவ்வொரு வாசகருக்கும் உரிய நூலையும் ஒவ்வொரு நூலுக்கும் உரிய வாசகரையும் சேர்ப்பது பற்றியவை. குவியல் இருந்தால் மட்டும் போதாது, சேர்ப்பிப்போரும் வேண்டும் என்பதே அவற்றின் உட்கருத்து.

அச்சேர்ப்பினை முன்பு அவை செய்தது; உரை விரித்த பெரியவர் செய்தார்; ஓதிக் காட்டிய பாட்டி செய்தார். இன்று பள்ளிவாசல் நூலகங்களும் மதரஸாக்களும் அப்பணியை ஏற்கலாம். மசலாவின் அருகே கிஸ்ஸாவும், 'சீறா'வின் அருகே 'சின்னச் சீறா'வும், சட்ட நூலின் அருகே 'தாமிரப்பட்டண'மும் அடுக்கப்பெறின், ஒரு நூல் மற்றொன்றைத் தானே சுட்டும். அரபுத்தமிழ் ஏடுகளைத் தமிழ் எழுத்தில் பெயர்த்து அச்சிடுவது இப்பணியின் முதற்படி. இன்பத்திற்காகப் படிக்கத் தொடங்கும் இளைஞர், நாம் அஞ்சுவது போல் மார்க்கத்தை விட்டு விலகிச் செல்பவர் அல்லர். சரியான நூல் கைக்கெட்டும் தொலைவில் இருக்குமாயின், முன்னோர் நடந்த வழியிலேயே அவரும் நடப்பார்.