உதகை அரசு தாவரவியல் பூங்கா

உதகமண்டலம் அரசு தாவரவியல் பூங்கா, நீலகிரி மாவட்டத் தலைநகரான உதகையில் தொட்டபெட்டா மலையின் கீழ்ச்சரிவில் அமைந்துள்ள தாவரத் தோட்டம். 1847-48இல் தொடங்கப்பட்டது. ஏறத்தாழ 22 ஹெக்டேர் பரப்பில், கடல் மட்டத்திலிருந்து 2,250 முதல் 2,500 மீட்டர் உயரம் வரை படிப்படியாக ஏறிச் செல்கிறது. தமிழ்நாடு அரசின் தோட்டக்கலை மற்றும் மலைப்பயிர்கள் துறை இதைப் பராமரிக்கிறது. கோடைச் சுற்றுலாவின் முதன்மை இடமாகவே பலரும் இதை அறிந்திருந்தாலும், அயல்நாட்டுத் தாவரங்கள் தென்னிந்திய மலைகளில் பிழைக்குமா என்று பார்ப்பதற்கான சோதனைக் களம் என்பதே இதன் வரலாற்றுச் சிறப்பு.

அமைவிடமும் தட்பவெப்பமும்

உதகை நிலநடுக்கோட்டிலிருந்து 11 பாகையை ஒட்டி, முழுக்க வெப்பமண்டலத்துக்குள் இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூரை அடுத்த பென்னலூர் ஏறத்தாழ 13 பாகையில், உதகைக்கு வடக்கே உள்ளது. ஆயினும் பென்னலூரில் அனல் வீசும் மே மாதத்தில் உதகையில் கம்பளிச் சட்டை தேவைப்படுகிறது. இதற்குக் காரணம் உயரம். ஒவ்வோர் 1,000 மீட்டர் ஏற்றத்துக்கும் காற்றின் வெப்பநிலை சராசரியாக 6.5 பாகை செல்சியஸ் குறைகிறது. சமவெளிக்கும் பூங்காவுக்கும் இடையில் ஏறக்குறைய 15 பாகை வேறுபாடு இவ்வாறுதான் உண்டாகிறது.

பூங்காப் பகுதியின் சராசரி ஆண்டு மழை சுமார் 140 சென்டிமீட்டர். பெரும்பகுதி தென்மேற்குப் பருவக்காற்றில் பெய்கிறது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை உறைபனி விழும். கோடையிலும் குளிர்காலத்திலும் பகல் நீளம் பெரிதாக மாறுவதில்லை, உச்சிவெயில் கடுமையானது, இரவு குளிரானது. ஐரோப்பாவின் குளிருக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதுவே. ஐரோப்பியச் செடிகளோடு ஆண்டீஸ் மலைச் செடிகளும் ஆப்பிரிக்க மேட்டுநிலப் புல்லும் இங்கு ஒரே சரிவில் வளர இந்தத் தட்பவெப்பம் இடம் தந்தது.

வரலாறு

கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சல்லிவன் 1820களில் உதகையில் குடியேற்றத்தைத் தொடங்கியபோது, அது தோடர் பழங்குடியினரின் எருமை மேயும் புல்வெளியாக இருந்தது. குடியேறிய ஆங்கிலேயருக்குக் காய்கறி கிடைப்பது பெரும்பாடாக இருந்ததால், 1840களின் நடுவில் அவர்கள் மாதச் சந்தா செலுத்தி ஒரு காய்கறித் தோட்டத்தை நடத்தினார்கள். அது நிலைக்கவில்லை. சென்னை மாகாண ஆளுநராக இருந்த ட்வீடேல் பிரபுவின் காலத்தில் அதைப் பொதுத் தாவரத் தோட்டமாக்கும் முயற்சி உருப்பெற்றது. லண்டன் கியூ தோட்டத்தில் பயிற்சி பெற்ற வில்லியம் கிரகாம் மெக்ஐவர் 1848இல் பொறுப்பேற்றார்.

அவர் கைக்கு வந்த நிலத்தின் மேற்பகுதி காடு, கீழ்ப்பகுதி சதுப்பு. சதுப்பை வடித்து, சரிவைத் தளங்களாக வெட்டி, பாதைகளும் குளங்களும் அமைத்துத் தோட்டத்துக்கு வடிவம் தர ஏறத்தாழ 10 ஆண்டுகள் பிடித்தன. இன்று பார்வையாளர் உட்கார்ந்து இளைப்பாறும் புல்வெளி அந்த வடிகால் வேலையின் பயன். அதற்காக மண் வெட்டிய தொழிலாளர்களின் பெயர்கள் எந்தப் பலகையிலும் இல்லை. மெக்ஐவர் 1876இல் காலமானார்.

சிங்கோனா ஆய்வு

மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்தான குயினைன், தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலையில் வளரும் சிங்கோனா மரத்தின் பட்டையிலிருந்து கிடைப்பது. 1820இல் பிரெஞ்சு வேதியியலர்கள் அதைப் பிரித்தெடுத்த பின் தேவை பெருகியது. 1860இல் கிளெமென்ட்ஸ் மார்க்கம் தலைமையில் சிங்கோனா நாற்றுகளும் விதைகளும் பெரு உள்ளிட்ட நாடுகளிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டன. அவற்றை நீலகிரியில் வளர்த்துப் பெருக்கும் பொறுப்பு மெக்ஐவரிடம் வந்தது. தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் தோட்டங்கள் எழுந்தன.

பட்டைக்காக மரத்தையே வெட்டிவிடும் வழக்கத்துக்கு மாற்றாக மெக்ஐவர் ஒரு முறையைக் கையாண்டார். பட்டையை நீளவாட்டில் கீற்றுகளாக உரித்து, உரித்த இடத்தை ஈரப் பாசியால் மூடிக் கட்டினார். மரம் சாகாமல் புதுப்பட்டை விட்டது. அந்தப் புதுப்பட்டையில் குயினைன் கூடுதலாகவும் இருந்தது. தோட்டக்காரரின் கைத்திறன் மருத்துவத்துக்கு உதவிய சிறந்த எடுத்துக்காட்டுகளில் இது ஒன்று.

பிரிவுகள்

கீழ்ப் பூங்கா, புதுப் பூங்கா, இத்தாலியப் பூங்கா, கண்ணாடி மாளிகை, நீரூற்றுத் தளம், நாற்றங்கால்கள் என்று பூங்கா பிரிக்கப்பட்டுள்ளது. நுழைவாயிலை அடுத்த கீழ்ப் பூங்காவின் புல்வெளியில் கிக்குயூ புல் வளர்க்கப்படுகிறது. கென்யாவின் மேட்டு நிலத்துக்குரிய இப்புல் மிதிபட்டாலும் விரைவில் தழைக்கும். இத்தாலியப் பூங்காவில் குளங்களைச் சுற்றி வடிவக்கணித ஒழுங்கில் மலர்ப் பாத்திகள் உள்ளன. கண்ணாடி மாளிகையில் பிகோனியா, சைக்ளமன் போன்ற தொட்டிச் செடிகளையும், பெரணி இல்லத்தில் நிழலும் ஈரமும் நாடும் பெரணி வகைகளையும் காணலாம். பூங்காவின் மேல் எல்லையை ஒட்டி ஆளுநரின் கோடைக்கால மாளிகையும், குன்றின்மேல் தோடர்களின் குடியிருப்பான மந்து ஒன்றும் இருக்கின்றன.

குறிப்பிடத்தக்க மரங்கள்

பூச்செடிகள் பருவத்துக்குப் பருவம் மாற்றப்படுபவை. மரங்களே பூங்காவின் நிலையான செல்வம். தக்கை மரம் இவற்றில் முதன்மையானது. மேற்கு மத்தியதரைக்கடல் நாடுகளுக்குரிய ஓக் இனமான இதன் தடித்த பட்டையே புட்டிகளை அடைக்கும் தக்கையாகிறது. தாய்நாட்டில் 9 அல்லது 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை பட்டையை உரிக்கிறார்கள். மரம் மீண்டும் பட்டை வளர்த்துக்கொள்கிறது. காகிதப்பட்டை மரத்தின் பட்டை மெல்லிய தாள்களாக உரிந்து வரும். குரங்கு ஏறா மரம் என்று வழங்கும் அரோகேரியா வகையின் இலைகள் விறைத்த கூர்முனை கொண்டவை. பட்டப்பெயர் அதனால் வந்தது. அரோகேரியாக்கள் தென் அமெரிக்காவுக்கும் ஆஸ்திரேலியப் பகுதிக்கும் உரியவை.

இவற்றோடு 2 கோடி ஆண்டுகள் பழைமையானதாகக் கணிக்கப்படும் கல்மரத் துண்டு ஒன்றும் பார்வைக்கு வைக்கப்பட்டுள்ளது. மண்ணில் புதைந்த மரத்தின் திசுக்களில் சிலிக்கா படிந்து கல்லாக இறுகிய புதைபடிவம் இது. விழுப்புரம் மாவட்டம் திருவக்கரையிலும் இத்தகைய கல்மரங்கள் பாதுகாக்கப்படுகின்றன.

பராமரிப்பும் பருவங்களும்

ஏப்ரல், மே மாதங்கள் முதல் சீசன். செப்டம்பர், அக்டோபர் இரண்டாம் சீசன். மே மாதம் பூத்துக் குலுங்க வேண்டிய செடிகளுக்கான வேலை குளிர்காலத்திலேயே தொடங்கிவிடும். சால்வியா, பேன்சி, பெட்டூனியா, டேலியா, மேரிகோல்டு ஆகியவற்றுக்கு வெவ்வேறு வளர்ச்சிக் காலம் இருப்பதால், எல்லாம் ஒரே வாரத்தில் மலரும்படி விதைப்பு நாள்களை முன்பின்னாக அமைக்கிறார்கள்.

இதற்கு நடுவே உறைபனி வருகிறது. செடியின் இலையில் உள்ள நீர் உறைந்தால் செல்கள் சிதைந்து இலை கருகிவிடும். இதைத் தடுக்கப் பணியாளர்கள் நாற்றுகளின்மேல் கோத்தகிரி மிலார் செடிகளைக் கவிழ்த்து மூடுகிறார்கள். விடியற்காலையில் புல்வெளிக்கும் பாத்திகளுக்கும் தண்ணீர் தெளித்துப் பனியைக் கரைக்கிறார்கள். மே மாதக் கூட்டம் படம் எடுத்துக்கொள்ளும் ஒவ்வொரு பாத்திக்குப் பின்னும் சனவரி விடியலில் விறைத்த கைகளின் உழைப்பு இருக்கிறது. பூங்காவைப் பற்றிப் பேசும்போது முதலில் சொல்லப்பட வேண்டியவர்கள் இந்தப் பணியாளர்களே.

மலர்க் கண்காட்சி

உதகை மலர்க் கண்காட்சி 1896இல் தொடங்கியது; ஆண்டுதோறும் மே மாதம் இப்பூங்காவில் நடைபெறுகிறது. 125-ஆவது கண்காட்சி 2023இல் நடந்தது. மலர் மாடத்தில் பல்லாயிரம் தொட்டிகள் அடுக்கப்படும். கார்னேஷன் முதலிய கொய்மலர்களால் பெரிய உருவங்கள் அமைக்கப்படும். கண்காட்சியின் நூற்றாண்டை ஒட்டி 1995இல் உதகையில் ரோஜாப் பூங்கா தனியே உருவாக்கப்பட்டது. அதே கோடை விழாக் காலத்தில் குன்னூர் சிம்ஸ் பூங்காவில் பழக் கண்காட்சியும், கோத்தகிரி நேரு பூங்காவில் காய்கறிக் கண்காட்சியும், கூடலூரில் நறுமணப் பொருள் கண்காட்சியும் நடக்கின்றன.

சூழலியல்

நீலகிரி உச்சிப்பகுதியின் இயற்கை நிலம், பள்ளங்களில் சோலைக்காடும் மேடுகளில் புல்வெளியும் மாறிமாறி அமைந்தது. மழைநீரைப் பிடித்துவைத்து ஓடைகளுக்கு ஆண்டு முழுவதும் விடுவது இந்த அமைப்பு. அயல்தாவர ஆர்வம் இதே மலைக்குத் தீங்கும் செய்தது. 19-ஆம் நூற்றாண்டில் புகுத்தப்பட்ட கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) சீகை மரமும் (வாட்டில்) புல்வெளிகளை விழுங்கின. அழகுக்காக நாட்டுக்குள் கொண்டுவரப்பட்ட உண்ணிச்செடி காடுகளில் பரவியது. அயல் ஆக்கிரமிப்புத் தாவரங்களை அகற்றிச் சூழலை மீட்பதற்கான கொள்கையைத் தமிழ்நாடு அரசு 2022இல் வெளியிட்டது. வேலிக்குள் பராமரிக்கப்படும் அயல்மரத்தால் அறிவு வளரும். வேலி தாண்டிய அயல்மரத்தால் நீர்வளம் குறையும். இந்த இரண்டையும் சேர்த்துக் கற்பிக்க இப்பூங்காவைவிடப் பொருத்தமான இடம் தமிழ்நாட்டில் இல்லை.

ஒப்பிடத்தக்க பூங்காக்கள்

ஆசியாவின் குளிர்மலைகளில் இதற்கு அடுத்த பதிற்றாண்டுகளில் எழுந்த வேறு பூங்காக்களும் உண்டு. ஜாவாவின் சிபோடாஸ் பூங்கா 1852இல் தொடங்கப்பட்டது. இலங்கையில் நுவரெலியாவை அடுத்த ஹக்கல பூங்கா 1861இல் சிங்கோனா வளர்ப்புக்காகவே ஏற்பட்டது. சிம்ஸ் பூங்கா 1874இலும், டார்ஜிலிங்கின் லாயிட் பூங்கா 1878இலும், கொடைக்கானலின் பிரையண்ட் பூங்கா 1908இலும் தொடங்கின.

பார்வையாளர்களுக்கு

சென்னை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதிகளிலிருந்து வருவோர் சென்னை சென்ட்ரலில் நீலகிரி விரைவு ரயிலில் இரவு ஏறினால் காலையில் மேட்டுப்பாளையம் சேரலாம். அங்கிருந்து 46 கிலோமீட்டர் நீள மலை ரயில் குன்னூர் வழியாக உதகை செல்கிறது. 1899இல் குன்னூர் வரையும் 1908இல் உதகை வரையும் ஓடத் தொடங்கிய இந்த ரயிலை யுனெஸ்கோ 2005இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. சாலை வழியே வாகனத்தில் வருவோருக்குச் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் முறை நடைமுறைக்கு வந்தது. நீலகிரி மாவட்டத்தில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை உண்டு. குடிநீருக்கு உலோகக் குப்பி கொண்டுவருவது நல்லது.

கண்காட்சி நாள்களில் நெரிசலால் கீழ்ப் பூங்காவோடு பலர் திரும்பிவிடுகிறார்கள். நின்று பார்க்க விரும்புவோர்க்கு இரண்டாம் சீசனின் வேலைநாள் காலை ஏற்றது. பிள்ளைகளோடு வருவோர் பூப்பாத்திகளில் நின்றுவிடாமல் மேல் தளங்கள் வரை ஏறி, மரங்களில் உள்ள பெயர்ப்பலகைகளைப் படித்துக் காட்ட வேண்டும். பட்டையை உரிக்காமல், பெயர் செதுக்காமல், பூப்பறிக்காமல் வருவது ஒவ்வொருவரின் கடமை.