ஹோல் என்று சொல்லப்படும் ஒடுங்கின இடம்

போன மாதம் ஈஸ்ற்ஹாமில் இருக்கிற எங்கட ஊர்க்காரர் ஒருவர் ரெலிபோன் எடுத்தார். "அண்ணை, முன்னறைக்கும் கொரிடோருக்கும் நடுவில நிக்கிற சுவரைத் தட்டிவிடப் போறன். கதவைத் திறந்தால் முகத்துக்கு நேரே மாடிப்படி. ரெண்டு பேர் ஒருமிக்க உள்ளுக்கு வர ஏலாது. சப்பாத்து ஒரு பக்கம், தள்ளுவண்டில் ஒரு பக்கம். இந்த வெள்ளைக்காரன் என்ன மண்டையோட இதைக் கட்டினவன்?"

நான் கட்டடக்காரன் இல்லை. பழைய வீடுகளைப் பற்றிய புத்தகங்களை லைப்ரரியில் எடுத்து வாசிக்கிற ஒரு வருத்தம் எனக்கு இருக்கிறது. அது தெரிந்துதான் கேட்டிருப்பார். என்ன மண்டையோடு கட்டினான் என்ற கேள்வி எனக்குப் பிடித்துக்கொண்டது. சுவரைப் பற்றிப் பிறகு சொல்லுகிறேன் என்று போனை வைத்துவிட்டேன்.

முதலில் அந்தப் பெயரைப் பாருங்கள். மூன்றடி அகலமான அந்த இடத்துக்கு இங்கே 'ஹோல்' என்று பெயர். எங்கட ஊரில் ஹோல் என்றால் வீட்டின் பெரிய அறை, வந்தவர்களை இருத்திக் கதைக்கிற இடம். நான் வந்த புதிதில் ஒரு வெள்ளைக்காரக் கிழவி "குடையை ஹோலில் வை" என்று சொல்ல, ஈரக் குடையோடு அவவின் இருக்கை அறைக்குள்ளே போய் நின்றிருக்கிறேன். உண்மையில் பழைய கருத்தைக் காப்பாற்றி வைத்திருப்பது நாங்கள்தான். மத்திய காலத்து இங்கிலாந்தில் ஹோல் என்பதுதான் வீடே. நடுவில் நெருப்பு, சுற்றிவர எசமானும் வேலைக்காரரும் ஒன்றாகச் சாப்பாடு, இரவில் பலருக்கு அங்கேயே படுக்கை. வாசல் நேரே அதற்குள் திறந்தால் குளிர்காற்று நெருப்பைக் குழப்பும். அதனால் வாசல் பக்கமாக ஒரு மரத்தட்டியை நிறுத்தினார்கள். தட்டிக்கும் கடைசிச் சுவருக்கும் நடுவில் ஒரு நடைவழி உண்டானது. வாசல் என்ற பிரச்சினைக்கு இங்கிலாந்துக்காரன் கண்ட முதல் விடைகளில் அந்தத் தட்டியும் ஒன்று. பதினேழாம் நூற்றாண்டில் சாதாரண வீடுகளில் அதைவிடக் கெட்டித்தனமான ஒரு வேலை செய்தார்கள். வீட்டின் நடுவே பெரிய புகைபோக்கித் தூண். அதற்கு நேர் எதிரே முன்கதவு. உள்ளே வந்தவர் தூணைக் கண்டு இடமோ வலமோ திரும்ப வேண்டும். காற்றும் அதில் முட்டி நின்றுவிடும்.

பணக்காரருக்குக் காற்றைவிடப் பெரிய பிரச்சினை ஒன்று இருந்தது: ஆட்கள். அந்தக் காலத்து மாளிகைகளில் ஒரு அறைக்குள்ளால்தான் அடுத்த அறைக்குப் போகலாம். எசமான் படுத்திருக்க, வேலைக்காரன் சாம்பல் வாளியோடு அந்த அறைக்குள்ளால் நடந்து போவான். 1597 அளவில் ஜோன் தோர்ப் செல்சியில் வரைந்த ஒரு வீட்டுப் படத்தில் வீட்டின் நீளத்துக்கு ஒரு தனி நடைவழி இருக்கிறது. இங்கிலாந்தில் கொரிடோரின் முதல் பதிவு என்று ரொபின் எவன்ஸ் 1978இல் எழுதிய கட்டுரையில் அதைத்தான் காட்டுகிறார். பிறகு சேர் ரோஜர் பிராற் கோல்சில் என்ற இடத்தில் கட்டிய மாளிகையில் நடுவாலே கொரிடோர், ஒவ்வொரு அறைக்கும் அதிலிருந்து ஒரு கதவு. வேலைக்காரர் கண்ணில் படாமல் வேலை செய்ய வேண்டும் என்பதே நோக்கம். (அந்த வீடு 1952இல் எரிந்து போனது.) ஆக, கொரிடோர் பிறந்தது வசதிக்காக மட்டுமில்லை. ஒரு சாதி மனிசர் இன்னொரு சாதி மனிசரைக் காணாமல் இருக்கவும்தான். எங்களுக்கு இது புதுக் கதையா என்ன? எங்கட வீடுகளில் யார் படலையோடு நின்றார், யார் விறாந்தை மட்டும் வந்தார், யார் ஹோலுக்குள் வந்து கதிரையில் இருந்தார் என்று எல்லாருக்கும் தெரியும். அங்கே அதற்குச் சுவர் தேவைப்படவில்லை, அவ்வளவுதான்.

மாளிகைக் கொரிடோர் எங்கட நண்பரின் தெருவுக்கு எப்படி வந்தது? 1666 தீக்குப் பிறகு லண்டனில் வீடு கட்டுவதற்குச் சட்டம் வந்தது. செங்கல்லும் கல்லும்தான், வீடுகள் வகை வகையாக, சுவர்த் தடிப்பு இவ்வளவு என்று. தெருப்பக்க நிலம் விலை கூடியது. ஒரு தெருவில் எத்தனை வீட்டைச் செருகலாம் என்பதுதான் கட்டுகிறவனின் கணக்கு. ஆகவே வீட்டின் முகம் 15, 16 அடி, பின்னுக்கு நீளம். அந்த 16 அடிக்குள் ஒரு அறையும் வேண்டும், அதற்குள் போகாமல் பின்னுக்கும் மேலுக்கும் போக வழியும் வேண்டும். மிஞ்சியது மூன்றடி. அதற்குள்ளேயே மாடிப்படியும். பிசகு என்று நாங்கள் நினைக்கிற எல்லாம் இந்த ஒரு கணக்கிலிருந்து வந்தவை.

மூன்றடி வழிக்கு இரண்டு பக்கமும் சுவர். வெளிச்சம் எங்கிருந்து வரும்? 1720கள் அளவில் கதவின் மேலே கண்ணாடி வைக்கத் தொடங்கினார்கள். பிறகு அது அரைவட்டமாகி விசிறி மாதிரிச் சட்டங்கள் போட்டதால் பான்லைற் என்று பெயர். கண்ணாடி வரி 1845இலும் யன்னல் வரி 1851இலும் எடுபட்ட பிறகு கண்ணாடி மலிந்து, கதவிலேயே வர்ணக் கண்ணாடி வந்தது. வெளிச்சம் வரும், உள்ளே நிற்கிறவர் தெரியமாட்டார். நண்பரின் வீட்டில் இந்த மேல்கண்ணாடிக்கு யாரோ பலகை அடித்துப் பெயின்ற் பூசியிருக்கிறார்கள். பிறகு இருட்டு என்று புறுபுறுத்தால் எப்படி?

கதவில் இருக்கிற கடிதத் துவாரத்துக்கும் ஒரு கதை இருக்கிறது. 1840க்கு முன்னர் தபால்காசை அநேகமாகக் கடிதம் பெறுகிறவர்தான் கொடுப்பார். தபால்காரர் கதவைத் தட்டி, ஆள் வரும்வரை காத்து நின்று, காசை வாங்க வேண்டும். பென்னித் தபால் வந்து காசு முன்கூட்டியே கட்டப்பட்டதும் காத்து நிற்கத் தேவையில்லை. கதவில் ஒரு வெட்டு வெட்டினால் போதும். நல்ல கண்டுபிடிப்புத்தான், ஆனால் அந்த வெட்டால் இன்றைக்கும் குளிர் வருகிறது. உட்பக்கம் ஒரு பிறஷ் மூடி பூட்டினால் பாதி குறையும்.

பிறகு ஊத்தையும் உரசலும். தெரு முழுக்கக் குதிரைச் சாணியும் சேறும் இருந்த காலம். வாசற்படிக்குப் பக்கத்தில் சப்பாத்துச் சுரண்ட ஒரு இரும்பு, உள்ளே கழுவக்கூடிய கோலத் தரையோடு. ஸ்ரோக் பக்கத்து மின்ரன் கொம்பனி அந்த ஓடுகளில் பேரெடுத்தது. கதிரையும் பெட்டியும் மேலே கொண்டு போகும்போது இடிபடுகிற அரைச்சுவருக்கு, லினோலியத்தைக் கண்டுபிடித்த பிரெட்ரிக் வோல்ற்ரன் 1877இல் லிங்க்ரஸ்ரா என்ற தடித்த புடைப்புத்தாளைக் கொண்டுவந்தார். பெரிய வீட்டு ஹோலில் வைத்த கதிரைக்கு மெத்தை கிடையாது. செய்தி கொண்டு வந்த பெடியன் ஈர உடுப்போடு இருப்பதற்கு மரப்பலகை போதும் என்ற எண்ணம். வழியின் நடுவில் பிளாஸ்ரர் வளைவு ஒன்று இருக்கும், கவனித்திருப்பீர்கள். வளைவுக்கு இந்தப்பக்கம் கூரையோரம் பூவேலைப்பாடு, அந்தப்பக்கம் வெறும் சுவர். விருந்தாளியின் கண் போகிற தூரத்துக்கு மட்டும்தான் காசு செலவழித்திருக்கிறார்கள்.

இனி எங்கட கதைக்கு வருவோம். எண்பதுகளில் லண்டனுக்கு வந்தவர்கள் எந்த வீட்டில் இருந்தோம்? இதே வீட்டில்தான். முன்னறையில் ஒரு குடும்பம், நடு அறையில் மூன்று பெடியள், மேலே இன்னும் ஆறு பேர். ஒவ்வொருவருக்கும் கொரிடோரில் இருந்து ஒரு தனிக் கதவு இருந்ததால்தான் அது நடந்தது. எசமானையும் வேலைக்காரியையும் பிரிக்கப் பிறந்த சாமான், அகதிகளுக்கு ஆளுக்கொரு வீடு தந்தது. எங்கள் வீட்டில் ரெலிபோன் கொரிடோரின் சுவரில்தான் இருந்தது. விடியப்புறம் மூன்று மணிக்கு அது அடித்தால் எல்லாக் கதவும் திறக்கும். போன் யாருக்கு என்று தெரியும்வரை எல்லாரும் அந்த மூன்றடிக்குள் சாரத்தோடு நிற்போம். பெயர் சொல்லப்பட்டவர் போனை வாங்க, மற்றவர்கள் ஆறுதலோடும் வெட்கத்தோடும் கதவைச் சாத்துவார்கள். 1987 ஒக்டோபரில் ஒருநாள் அப்படி என் பெயர் சொல்லப்பட்டது. அதை இங்கே எழுதப் போவதில்லை.

நண்பருக்குத் திரும்பப் போன் எடுத்தேன். இரண்டு விஷயம் கேட்டேன். முதலாவது, கூரைக்குள் அறை கட்டியிருக்கிறீர்கள் அல்லவா? அப்படி மூன்று மாடியான வீட்டில் மேலே படுக்கிற பிள்ளைகள் நெருப்பு வந்தால் இறங்கி ஓடுகிற வழி அந்தப் படியும் கொரிடோரும்தான். அரை மணித்தியாலம் நெருப்பைத் தாங்க வேண்டிய சுவர் அது. தட்டுவதென்றால் இன்ஜினியரையும் கவுன்சிலையும் கேளாமல் கை வைக்கக் கூடாது. இரண்டாவது, முன்னறையில் படுத்திருப்பது யார்?

"அம்மா," என்றார். பிறகு கொஞ்சநேரம் கதைக்கவில்லை. சுவர் போனால் அவர் தாயார் நடைவழியில்தான் படுத்திருப்பார்.

அந்தச் சனிக்கிழமை போய்ப் பார்த்தேன். மேல்கண்ணாடிப் பலகையைக் கழற்ற, பின்னேர வெயில் படி வரைக்கும் வந்தது. பெரிய சப்பாத்து அலுமாரியை எடுத்துவிட்டு, முன்னுக்குச் சரிந்து திறக்கிற ஒரு சாண் ஆழமுள்ள ஒன்றைச் சுவரில் பூட்டினோம். கோட்டுகள் மேலே போயின. தள்ளுவண்டில் படிக்குக் கீழே மடிந்து போனது. முன்னறைக் கதவுதான் மிச்சம். விக்ரோறியா காலத்தில் அறைக் கதவின் பிணைச்சலை, கதவு திறக்கும்போது அறையை மறைக்கும் பக்கமாகப் போடுவார்கள். உள்ளே வருகிறவருக்கு முதலில் கதவு தெரியும், ஆள் சுதாகரிக்க ஒரு கணம் கிடைக்கும். இடையில் யாரோ அதை மாற்றிச் சுவர்ப்பக்கம் போட்டிருந்தார்கள். நிலையில் பழைய பிணைச்சலின் வெட்டு பெயின்றுக்குக் கீழே அப்படியே இருந்தது. கதவைக் கழற்றிப் பழையபடி மாட்டினோம். இப்போது கதவு அரைவாசி திறந்திருந்தாலும் கட்டில் தெரியாது.

போன கிழமை மறுபடி போன் வந்தது. "அண்ணை, வீடு பெரிசான மாதிரி இருக்கு. ஆனால் அம்மா சண்டை. ஆர் வாறது, ஆர் போறது எண்டு தனக்கு ஒண்டும் தெரியேல்லையாம். ஊரில விறாந்தையில இருந்தால் படலை தெரியுமாம். கதவைத் திருப்பி மாத்தட்டாம்."

வாற சனிக்கிழமை திருப்புளியோடு போகிறேன்.