மண்ணைத் தொட்ட வணக்கம்

வணங்குதல் அடிமைத்தனத்தின் அடையாளம் என்றே நம்மிற் பலர் எண்ணுகின்றோம். கொரிய வரலாறு வேறொன்றைக் கூறுகின்றது. அங்கே பௌத்தர்கள், 108 மனமாசுகளை நினைந்து, முழங்காலும் முழங்கையும் நெற்றியும் நிலந்தோய 108 முறை வணங்குவர். உடல் வியர்க்க அகந்தை தேயும் என்பது அவர்தம் துணிபு.

1392இல் எழுந்த யோசொன் அரசு கன்பூசிய நெறியைத் தழுவிப் பௌத்தத்தை ஒடுக்கிற்று. துறவியர் தலைநகருட் புகுதற்கிருந்த தடை 1895இலேயே நீங்கியது.

2003இல், சேமங்கூம் கடற்சேற்று நிலத்தை 33 கிலோமீற்றர் அணையால் அடைப்பதை எதிர்த்து, துறவி சுக்யோங்கும் கத்தோலிக்கக் குரு மூன் கியூஹியோனும் பிற சமயத்தாரும் மூன்றடிக்கு ஒருமுறை மண்தோய வணங்கி, 65 நாளில் அதே தலைநகரை அடைந்தனர். 2006இல் கடல் அடைபட்டது. அணை நின்றாலும், சிப்பி பொறுக்கி வாழ்ந்த கரையோர மக்களுக்காக வளைந்த முதுகை அடிமையின் முதுகென்று நாம் கூறோம்.