பேய் வீட்டுக்கு டாக்டர் போனா எதைத் தேடணும்?

1/ விருதுநகர் மாவட்டத்துல ஒரு அரசு ஆஸ்பத்திரி. ஐப்பசி அடைமழை. ஓ.பி.க்கு ஒரு அம்மா ரெண்டு பிள்ளைங்களோட வந்தாங்க. மூணு பேருக்கும் தலைவலி, குமட்டல், அசதி. காய்ச்சல் இல்லை. பெரியவன் கையில புதுசா ஒரு மந்திரிச்ச கயிறு.

"கயிறு எதுக்கும்மா?"
"வீட்ல ராத்திரியானா நடமாட்டம் இருக்கு சார்."

2/ தாத்தா காலத்துக் காரை வீடு. மேல மச்சு. அங்க யாரோ நடக்குற சத்தம், தூக்கத்துல நெஞ்சை அமுக்குற மாதிரி பாரம். "பட்டாசு விபத்துல போன எங்க நாத்தனா சார். அவதான் வர்றா."

இதைக் கேட்டு என்னால சிரிக்க முடியல. 2012 செப்டம்பர் 5 அன்னைக்கு முதலிப்பட்டி விபத்துல மட்டும் 30-க்கும் மேற்பட்டவங்க இறந்தாங்க. சிவகாசி சுத்துவட்டாரத்துல இப்படி ஒரு சாவைப் பார்க்காத ஊர் குறைவு.

3/ அப்போ எனக்கு ரெண்டு பேர் ஞாபகம் வந்தாங்க. பேய் வீட்டைப் பத்தி ஆராய்ச்சி பண்ணவங்க. அந்த வரலாறுதான் இந்த த்ரெட்.

4/ முதல் ஆள் ஆபிரகாம் கோவூர். 1898-ல திருவல்லாவுல பிறந்தவர். அப்பா பாதிரியார். கல்கத்தாவுல தாவரவியல் படிச்சிட்டு, 1928-ல யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கு வாத்தியாரா போனார். 1959-ல ஓய்வு பெற்ற பிறகு பேய், பில்லிசூனியம், மறுபிறவின்னு வர்ற கேஸ்களை விசாரிக்கிறதையே முழு வேலையா எடுத்துக்கிட்டார்.

5/ 1963-ல சவால் விட்டார்: ஏமாத்து வேலைக்கு இடமில்லாத சோதனையில அமானுஷ்ய சக்தியைக் காட்டினா ஒரு லட்சம் ரூபாய். 1978-ல அவர் சாகுற வரைக்கும் அந்தப் பணத்தை யாரும் ஜெயிக்கல.

6/ எனக்குப் பிடிச்சது சவால் இல்ல, அவர் விசாரிச்ச முறை. கல் விழுற வீடு, பொருள் தானா உடையுற வீடுன்னு கூப்பிட்டா, அவர் முதல்ல பார்க்கிறது அந்த வீட்டு ஆட்களை. யார் மனசு ஒடிஞ்சு கிடக்கு, யாரோட குரலை வீட்ல யாரும் காது கொடுத்துக் கேட்கறதில்லை? பேய்னு சொன்ன இடத்துல உதவி தேவைப்படுற ஒரு மனுஷன் இருப்பான்ங்கிறது அவர் அனுபவம்.

7/ ரெண்டாவது ஆள் வில்லியம் வில்மர். அமெரிக்க கண் டாக்டர். 1921-ல ஒரு கண் மருத்துவ இதழ்ல அவர் எழுதின கட்டுரையில ஒரு 'பேய் வீடு' வருது. குடும்பத்தோட பேரை 'எச்'னு மட்டும் சொல்றார்.

8/ 1912 நவம்பர்ல அந்தக் குடும்பம் ஒரு பழைய பெரிய வீட்டுக்குக் குடிபோகுது. கொஞ்ச நாள்லயே எல்லாருக்கும் தலைவலி, சோர்வு. பிள்ளைங்க வெளிறிப் போறாங்க. தொட்டிச் செடி எல்லாம் வாடுது. ராத்திரி காலடிச் சத்தம், பின்னாடி யாரோ நிக்கிற உணர்வு, கண்ணு முன்னால உருவங்கள். வேலைக்காரங்களுக்கும் அதே அனுபவம்.

9/ காரணம் கடைசியில நிலவறையில கிடைச்சது. வீட்டைச் சூடாக்குற உலை கெட்டுப்போய், புகைபோக்கி வழியா போக வேண்டிய வாயு அறைகளுக்குள்ள வந்துட்டிருந்தது. கார்பன் மோனாக்சைடு. உலையைச் சரிபண்ணினதும் பேயும் போயிடுச்சு.

10/ இது எப்படி வேலை செய்யுது? நிறம் இல்ல, வாசம் இல்ல. ரத்தத்துல இருக்கிற ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல இறுக்கமா பிடிச்சுக்கும். மூளைக்கு ஆக்சிஜன் குறையும். முதல்ல தலைவலி, அப்புறம் குழப்பம், சிலருக்கு இல்லாதது தெரியும், கேட்கும். அளவு கூடினா தூக்கத்துலயே உயிர் போயிடும்.

11/ திரும்ப நம்ம ஓ.பி.க்கு வருவோம். ரெண்டு கேள்வி கேட்டேன்.

"வீட்டை விட்டு வெளிய போனா தலைவலி எப்படி இருக்கு?"
"அம்மா வீட்டுக்குப் போனா ஒண்ணுமே இல்ல சார். அவ அங்க வர்றதில்ல."

"மழைக்கு வீட்டுக்குள்ள எதுவும் எரிக்கிறீங்களா?"
பேப்பர் குழாய் உருட்டுறாங்களாம். மழையில காயாதுன்னு, ஜன்னலைச் சாத்திட்டு ராத்திரி முழுக்கக் குமுட்டி அடுப்புல கரி போட்டு வைக்கிறாங்க. வீட்டுக்காரருக்கு நைட் ஷிப்ட். அதனால அவருக்கு மட்டும் 'பேய்' தெரியல. பொண்டாட்டிக்குத்தான் புத்தி பேதலிச்சிருச்சுன்னு நினைச்சிருக்கார்.

12/ விரல்ல மாட்டுற ஆக்சிமீட்டர் 98 காட்டுச்சு. அதை நம்பக் கூடாது. ஹீமோகுளோபின்ல இருக்கிறது ஆக்சிஜனா, கார்பன் மோனாக்சைடான்னு சாதாரண ஆக்சிமீட்டருக்குப் பிரிக்கத் தெரியாது. ரத்தத்துல இந்த வாயுவை அளக்கிற கருவி எங்ககிட்ட இல்ல. எங்களுக்கு டெஸ்ட்டே அவங்க சொன்ன கதைதான். மூணு பேருக்கும் மாஸ்க் வச்சு ஆக்சிஜன் கொடுத்தோம். சாயங்காலம் சின்னவன் பிஸ்கட் கேட்டான்.

13/ நீங்க ஞாபகம் வச்சுக்க வேண்டியது:
• மூடின அறையில கரி, விறகு, ஜெனரேட்டர் வேண்டாம். ஊட்டி, கொடைக்கானல் குளிர்லயும்தான்.
• காத்தோட்டம் இல்லாத பாத்ரூம்ல கேஸ் கீசர் வேண்டாம்.
• வீட்ல எல்லாருக்கும் ஒரே நேரத்துல தலைவலி, வெளிய போனா சரியாகுதுன்னா, முதல்ல எல்லாரும் வெளிய வாங்க. அப்புறம் 108.
• கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் ஆபத்து இன்னும் அதிகம்.

14/ எல்லா நடமாட்டத்துக்கும் கரிப்புகை காரணம் இல்ல. துக்கம் காரணமா இருக்கலாம், தூக்கக் கோளாறு, மனநோய் காரணமா இருக்கலாம். வில்மர் கட்டுரை காத்தைப் பார்க்கச் சொல்லுது, கோவூர் ஆளைப் பார்க்கச் சொல்றார். ரெண்டையும் பார்க்கணும். "பேய் எல்லாம் இல்லம்மா"ன்னு ஒரே வரியில அனுப்பியிருந்தா, அந்த மூணு பேரும் அன்னைக்கு ராத்திரி அதே அறையிலதான் படுத்திருப்பாங்க.

15/ ரெண்டு வாரம் கழிச்சு அந்த அம்மா வந்தாங்க. குமுட்டி இப்போ வெளித் தாழ்வாரத்துல. ஜன்னல் திறந்திருக்கு. சத்தம் இல்ல. கொஞ்ச நேரம் பேசாம உட்கார்ந்திருந்துட்டுச் சொன்னாங்க:

"பாவம் சார் அவ. உயிரோட இருந்தப்போ என் பிள்ளைகளைத் தூக்கி வளர்த்தவ. செத்த பிறகு அவ மேலயே பழியைப் போட்டுட்டோம்."